மலிவு போனின் மீதி விலை

யாங்கூன் நகரின் மேற்கே, லைங் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லைங் தாயா, நம் திருப்பூரைப் போலத் தையல் எந்திரங்களை நம்பி வாழும் ஊர். ஐராவதி டெல்டா கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்களால்தான் அங்குள்ள ஆயத்த ஆடை ஆலைகள் ஓடுகின்றன. 2018இல் மியான்மரின் குறைந்தபட்சக் கூலி, எட்டு மணி நேர வேலைக்கு 4,800 கியாட். அதே ஆண்டு ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. மியான்மரிலும் கம்போடியாவிலும் விற்ற சிங்டெக் பி10 என்ற மலிவு போனில், வாங்கும்போதே ஒரு செயலி குடியிருந்தது; போன் இருக்கும் இடத்தையும் அதன் அடையாள எண்ணையும் தைவானைச் சேர்ந்த ஜிமோபி என்ற விளம்பர நிறுவனத்துக்கு அது அனுப்பிக்கொண்டிருந்தது. கடையில் குறைத்துக் கொடுத்த விலையை, விளம்பரமாகவும் தகவலாகவும் பிறகு வசூலிக்கிறார்கள். அதுவும் கொடுக்க வழியில்லாதவர்களிடம்.

இது ஒரு போனின் கதை மட்டுமல்ல. மாட்ரிட் ஆய்வாளர்கள் 2019இல் 214 தயாரிப்பாளர்களின் 1,742 போன்களை அலசியபோது, முன்கூட்டியே பதிந்து வரும் செயலிகளில் விளம்பர, கண்காணிப்பு நிரல்கள் பரவலாக இருப்பதைக் கண்டார்கள். நாமே இறக்கிய செயலி தொல்லை கொடுத்தால் அழித்துவிடலாம். இயங்குதளத்தோடு வந்ததை அழிக்கப் போனால், நீக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஷாவ்மி போன்களில் விளம்பரம் காட்டும் எம்எஸ்ஏ என்ற சேவையின் அனுமதியை ரத்துசெய்யப் போனால், பத்து விநாடி எண்ணி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் ‘ரத்துசெய்ய முடியவில்லை’ என்று வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வைத்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊரில் பேட்டரியும், எண்ணி எண்ணி ரீசார்ஜ் செய்யும் கையில் டேட்டாவும் இப்படிக் கரைவது சின்ன விஷயமல்ல.

விளம்பர வருமானம் இருப்பதால்தானே ஏழைக்கும் ஸ்மார்ட்போன் எட்டுகிறது என்பார்கள். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டோம் என்று ஷாவ்மி நிறுவனர் லெய் ஜுன் 2018இல் அறிவித்தார்; மீதி வருமானம் இணையச் சேவைகளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வர வேண்டும். சரி, அந்தத் தள்ளுபடியைப் பெட்டியின் மேல் அச்சிடுவதில் என்ன தடை? அமேசான் 2011இலேயே கிண்டில் மின்நூல் கருவியை விளம்பரத்தோடு ஒரு விலைக்கும், விளம்பரமில்லாமல் 25 டாலர் கூடுதலாகவும் விற்றது. வாங்குபவர் இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். விலை தெரியாமல் செய்யும் பேரத்தை மலிவு என்று எப்படிச் சொல்வது? ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினார்களே என்ற சமாதானமும் இதனால்தான் நிற்காது. அழுத்தாவிட்டால் பணம் கொடுத்து வாங்கிய போனே திறக்காது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்து, முன்பே பதிந்து வரும் கூகுள் செயலிகளைப் பயனர் நீக்க அனுமதிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, நீக்கும் உரிமையை ரத்துசெய்தது. பயனருக்கு உண்மையில் வேண்டியிருந்ததுதான் போனது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் ஓப்போ, ரியல்மி போன்களில் கடன் செயலிகள் பதிந்து வந்தது தெரிந்து மக்கள் கொதித்தார்கள். ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களைக் கூப்பிட்டுக் கேட்டது, அவை மன்னிப்புக் கேட்டன. லைங் தாயாவில் யார் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? 2021 மார்ச்சில், ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்களைச் சுட்டு, ராணுவச் சட்டம் போட்ட ஊர் அது. அங்கே ஒருவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல், உயிர் சம்பந்தப்பட்டது.

ஆகவே சாவி தயாரிப்பாளரிடமும், ஆண்ட்ராய்டு போன்களுக்குச் சான்று தரும் கூகுளிடமும்தான் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஐம்பதுக்கு மேற்பட்ட அமைப்புகள், மதுரையில் பிறந்த கூகுள் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சைக்கு ஒரு திறந்த மடல் எழுதின. முன்பே பதிந்து வரும் செயலிகளை, பின்னணியில் ஓடும் பகுதிகளோடு சேர்த்து, நிரந்தரமாக நீக்க முடிய வேண்டும்; பயனரின் தகவலைச் சுரண்டும் போனுக்குக் கூகுள் சான்று தரக் கூடாது என்று கேட்டன. புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், அந்த மடலில் கேட்டதைச் செய்தால் போதும்.