டிவிடி ரைட்டர் வாங்க இது சரியான நேரமா? ஆமா... ஆனா 'ரைட்' பண்ண இல்ல!

லேப்டாப்பில் சிடி போடும் இடமே காணாமல் போய் பல வருஷம் ஆச்சு. ஆப்பிள் 2008-லேயே மேக்புக் ஏர் மாடலில் அதைத் தூக்கிவிட்டது. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போய்விட்டன. படம் பார்க்க ஓடிடி, ஃபைல் அனுப்ப டிரைவ் லிங்க் என்று பழகிவிட்டோம். இப்போது போய், "வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது டிவிடி ரைட்டர் வாங்கலாமா?" என்று கேட்டால் சிரிப்பாங்க.

ஆனால், வீட்டு அலமாரியில் பழைய சிடி, டிவிடி ஒரு பத்தாவது கிடந்தால், வாங்க வேண்டிய நேரம் இதுதான். தள்ளிப்போடத் தள்ளிப்போட நஷ்டம் நமக்குத்தான்.

காத்திருந்தா லாபம்னு சொன்ன காலம் போச்சு

2000-களின் தொடக்கத்தில் டிவிடி ரைட்டர் வாங்கப் போனவர்களுக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுங்க, விலை குறையும், வேகம் கூடும்." அப்போது அது சரி. 2004 வாக்கில் 16 எக்ஸ் வேகம் வந்துவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய யுஎஸ்பி ரைட்டர்களின் எழுதும் வேகமோ பெரும்பாலும் 8 எக்ஸ்தான். இருபது வருஷத்தில் இதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இனியும் நடக்காது.

மார்க்கெட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. பதிவு செய்யக்கூடிய ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்துவதாக சோனி அறிவித்தது. நம் ஊர்க் கதையைப் பாருங்கள்: விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று தமிழ்ப் படங்களை வீடு வீடாகக் கொண்டுபோன மோசர் பேயர், 'பூ' மாதிரி படங்களைக்கூடத் தயாரித்த கம்பெனி. 2018-ல் அதைக் கலைத்துவிட உத்தரவு வந்தது. தேவை குறையும் பொருளை யாரும் மெனக்கெட்டுச் செய்ய மாட்டார்கள். இன்று சுலபமாகக் கிடைக்கும் டிரைவ், சில வருஷம் கழித்து செகண்ட்ஹேண்டில் தேட வேண்டிய பொருளாகலாம்.

டிரைவை விடுங்க, டிஸ்க்குக்கு வயசாகுது

கடையில் வாங்கிய சினிமா டிவிடி வேறு, ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடி வேறு. முதல் வகை அச்சில் அழுத்தித் தயாரிப்பது. இரண்டாவதில், லேசர் ஒளி ஒரு சாயப் படலத்தைச் சுட்டுத் தகவலைப் பதிக்கிறது. வெயில், வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அந்தச் சாயத்தையும் அதன் பின்னால் இருக்கும் உலோகப் படலத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். சாதாரண டிவிடி-ஆர் 10 முதல் 20 வருஷம் தாங்கும் என்பது கனடியன் கன்சர்வேஷன் இன்ஸ்டிட்யூட் சொல்லும் கணக்கு.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். 2006-ல் நடந்த அக்கா கல்யாணத்து டிவிடிக்கு அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதில் சிரித்துப் பேசும் தாத்தா இன்று இல்லை. அவர் குரல் இருக்கும் ஒரே இடம் அந்தத் தட்டு. யூடியூபில் தேடினால் கிடைக்காது.

உப்பளத்தில் ஏன் கூடுதல் அவசரம்?

புதுச்சேரி உப்பளத்துக்குப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடல் பக்கம். இரும்புக் கேட் துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தாலே காற்று எப்படி என்று புரியும். வருஷம் முழுக்கப் புழுக்கம். போதாததற்குப் புயல் வேறு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது, அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும், யாரும் தொடாத பொருள்கள்தான்.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

* டிஸ்க்கே இல்லையா? வாங்காதீங்க. புது ஃபைல்களைச் சேமிக்க 4.7 ஜிபி டிவிடி இன்று போதாது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் போதும்.
* நாலைந்து டிஸ்க்தான் இருக்கா? நண்பரிடம் டிரைவ் இரவல் வாங்குங்க. இல்லை, ஸ்டூடியோவில் கொடுத்து மாத்திக்கலாம்.
* பத்துக்கு மேலயா? சொந்தமா ஒன்று வாங்குங்க. ஒரு டிரைவ், சொந்தக்காரங்க நாலு வீட்டுக்குப் போதும். பங்கு போட்டுக்கலாம்.
* ஸ்கேன் சிடி இருக்கா? எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் படங்களை டிஸ்க்கில் தரும் வழக்கம் இன்னும் இருக்கு. அம்மா அப்பாவின் பழைய ஸ்கேன்களை முதலில் காப்பி எடுங்க. அடுத்த டாக்டர் கேட்கும்போது கையில் இருக்கணும்.

வாங்கும்போது...

இப்போதைய கேபினெட்டுகள் பலவற்றில் உள்ளே பொருத்த இடம் கிடையாது. அதனால் யுஎஸ்பி டிரைவே நல்லது. அதை ஹப்பில் சொருகாமல், கம்ப்யூட்டரில் நேரடியாகச் சொருகுங்க. மின்சாரம் போதாமல் டிரைவ் திணறுவது இதனால்தான்.

பிரான்ஸில் சொந்தக்காரர்கள் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே வாங்கிய சினிமா டிவிடி 2-ம் மண்டலம், இந்தியா 5-ம் மண்டலம். டிரைவின் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும். அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். வீட்டு விசேஷ டிவிடிகளுக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை.

வாங்கியாச்சு, அடுத்து?

டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்க, வட்டமாக வேண்டாம். டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரை முழுசாக அப்படியே காப்பி எடுங்க, விஎல்சி ப்ளேயரில் ஓடும். ஒரு டிஸ்க் ஓடாவிட்டால் உடனே தூக்கிப் போடாதீங்க. இன்னொரு டிரைவில் அது ஓடலாம். எந்த டிஸ்க்குமே ஓடவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் டிரைவில்தான். காப்பியை இரண்டு இடத்தில் வையுங்க. ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

என் கருத்து இதுதான்: டிவிடி ரைட்டரை இன்று எழுதும் கருவியாகப் பார்த்தால் வீண் செலவு. படிக்கும் கருவியாகப் பார்த்தால் அவசியச் செலவு. ஒரு மாசம் உழைத்துவிட்டு அது பரணுக்குப் போனாலும் பரவாயில்லை. காசு எப்போதோ வசூலாகியிருக்கும். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் வேலையை முடிச்சிடுங்க.