தொட்டில் அருகே துப்பறியும் விஞ்ஞானம்!

திருடனைக் கைரேகை காட்டிக் கொடுக்கும். கிருமியை எது காட்டிக் கொடுக்கும்?

கிருமிக்கும் ஒரு "ரேகை" உண்டு! அதன் உடலுக்குள் பரம்பரைச் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு மரபணுத் தொகுதி என்று பெயர். அதை எழுத்து எழுத்தாகப் படிக்க இப்போது எந்திரம் இருக்கிறது.

இதனால் என்ன பயன்? இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில் நடந்ததைப் பாருங்கள்.

அங்குள்ள ரோசி ஆஸ்பத்திரியில், பச்சிளங்குழந்தைகளுக்கு ஒரு தனி வார்டு உண்டு. 2011-ம் ஆண்டில், ஆறு மாதத்துக்குள் 12 குழந்தைகளிடம் "எம்.ஆர்.எஸ்.ஏ." என்ற கிருமி காணப்பட்டது. பல மருந்துகளுக்கு அடங்காத பொல்லாத கிருமி அது!

ஒரு குழந்தையிடம் இருந்து இன்னொரு குழந்தைக்குப் பரவியதா? தனித்தனியே வந்ததா? வழக்கமான சோதனையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விஞ்ஞானிகள் கிருமியின் சுமார் 28 லட்சம் எழுத்துகளைப் படித்தார்கள். உண்மை வெளிவந்தது. குழந்தைகள், தாய்மார்கள் உட்பட 26 பேரிடம் இருந்தது ஒரே குடும்பத்துக் கிருமி!

64 நாட்கள் வார்டில் கிருமி தென்படவில்லை. வார்டு முழுவதும் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டது. அப்படியும் மறுபடி ஒரு குழந்தையிடம் அதே கிருமி! ஊழியர்கள் 154 பேரைச் சோதித்தார்கள். ஒருவரிடம் அது இருந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்தார்கள்.

அவர் குற்றவாளியா?

இல்லவே இல்லை. இந்தக் கிருமி மூக்கிலும் தோலிலும் சத்தம் இல்லாமல் குடியிருக்கும். பல சமயம், சுமப்பவருக்கே அது தெரியாது.

இங்கேதான் நாம் கவனமாக இருக்கவேண்டும். "யாரால் வந்தது?" என்று விரல் நீட்டினால், ஊழியர்கள் சோதனைக்கு அஞ்சுவார்கள். ஆஸ்பத்திரிகள் உண்மையை மறைக்கும். கஷ்டப்படுவது குழந்தைகள்தான்! சோதனை, வழியை அடைப்பதற்கு. வேலையைப் பறிப்பதற்கு அல்ல.

செலவு ஆகுமே என்கிறீர்களா? ஆகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் எந்திரம் வேண்டியதில்லை. பல ஆஸ்பத்திரிகளுக்குப் பொதுவாக ஒரு சோதனைச் சாலை போதும். அரசாங்கங்கள் இதைச் செய்யவேண்டும்.

எந்திரம் வழியைக் காட்டும். கையைக் கழுவி விடாது! குழந்தை பார்க்கப் போகிறவர்களே, தொட்டிலைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நர்சு அதைச் சொன்னால் கோபப்படாதீர்கள்.