கணக்கில் வராத கரை

கரையோரத்தில் ஒரு கப்பல் எரிந்தால், "விதி, யார் என் செய்வது?" என்பர் ஒரு சாரார். "ஆயிரத்தில் ஒன்று அவ்வாறு நேரும்" என்பர் கற்றறிந்த பிறிதொரு சாரார். முன்னவர் விதியின் மீதும் பின்னவர் எண்ணின் மீதும் பழியைச் சுமத்துகின்றனர். இருவர் கூற்றும் ஏற்கத்தக்கதன்று.

2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' தீப்பற்றியது. அது பழங்கப்பலன்று, சில மாதங்களே ஓடிய புதுக்கப்பல். அதில் 1486 பெட்டகங்கள். அவற்றுள் 25 டன் நைட்ரிக் அமிலம். அமிலம் கசிவதைப் பல நாட்களுக்கு முன்னரே கப்பலில் இருந்தோர் அறிவர். கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹஜீராவிலும் அப்பெட்டகத்தை இறக்க இயலவில்லை. அறிந்த ஆபத்தை அடுத்த துறைக்கு அனுப்பிவிட்டு அதற்கு விதியென்று பெயரிடுவது முறையாகுமா?

இனி, எண்ணை நம்புவோரிடம் வருவோம். இடரை அளப்பவர் இரண்டைப் பெருக்கவேண்டும்: நேரும் வாய்ப்பு ஒன்று; நேர்ந்தால் விளையும் கேடு மற்றொன்று. ஆழ்கடலில் எரியும் கப்பலும், நீர்கொழும்பு மீனவர் வலைவீசும் நீரில் எரியும் கப்பலும் வாய்ப்பில் ஒன்றாகலாம். கேட்டின் அளவில் ஒருபோதும் ஒன்றாகா. ஏறத்தாழ 1680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன, மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு விதித்தது. கேட்டின் விலையைத் தீர்ப்பில் எழுதுவதினும், கப்பல் புறப்படுமுன் கணக்கில் எழுதுவதன்றோ அறிவுடைமை?

நம் கரையும் விலக்கன்று. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதின. பாதிப்பேதுமில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. பின்னர் கரையொதுங்கிய கரிய எண்ணெயைத் தன்னார்வலர் வாளிகளால் அள்ளியதை நாடு கண்டது.

முன்னோர் இவ்வளவு அசட்டையாக இருந்தாரல்லர். பருவக்காற்றுக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரே 'மவ்ஸிம்' எனும் அரபுச் சொல்லின் திரிபு. உரிய காலம் என்பது அதன் பொருள். எந்தத் துறையிலிருந்து எப்பருவத்தில் பாய்விரிக்கலாம் என்பதை 15ஆம் நூற்றாண்டிலேயே மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் எழுதிவைத்தார். காற்றை அவர்கள் தடுக்கவில்லை, கணித்தார்கள்.

நாம் கேட்பது மிகையன்று. கப்பல் சுமந்துவரும் நஞ்சு இன்னதென்பதைக் கரை முன்கூட்டியே அறியவேண்டும். கசியும் பெட்டகத்தை ஏற்கும் துறை எதுவென முன்னரே வகுக்கப்படவேண்டும். இடரைக் கணிக்கும் அவையில் மீனவருக்கும் ஓரிடம் வேண்டும். கேட்டைச் சுமப்பவன் இல்லாத கணக்கு, எத்துணைத் துல்லியமாயினும், பொய்க்கணக்கே.