‘முடிந்தது’ என்று சொல்வது யார்?

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோட வேலை செய்யிற பிஎஸ்கியூஎல் கருவியில ‘எக்கோ’ என்று ஒரு கட்டளை இருக்கு. பின்சாய்கோடு போட்டு எக்கோ என்று எழுதி, பக்கத்தில மேற்கோளுக்குள்ள ஒரு வசனம் எழுதினா, அது அப்படியே திரையில வரும். தரவை அது தொடாது, எதையும் சரிபார்க்காது. நீங்க எழுதினதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்.

அதனாலதான் அதைக் கவனமாப் பாவிக்கோணும் என்கிறன்.

2016 மே வெள்ளத்தில கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாம் மூழ்கினது ஒருகொடவத்தைப் பக்கத்து ஆக்களுக்கு மறக்காது. அப்பிடி இன்னொரு வெள்ளம் வந்து, நிவாரணப் பட்டியலை நாங்க தரவுத்தளத்தில ஏத்துறம் என்று வைப்பம். கோப்பின் கடைசி வரியில ‘எல்லாப் பெயர்களும் பதியப்பட்டுவிட்டன’ என்று ஒரு எக்கோ. நடுவில ஒரு கட்டளை பிழைச்சாலும் பிஎஸ்கியூஎல் வழமையா நிற்காது. பிழையைக் காட்டிப்போட்டு அடுத்த வரிக்குப் போயிடும். பிழைச்செய்தி மேல ஓடி மறைஞ்சிடும்; கடைசியில கண்ணுக்குத் தெரியிறது அந்த நல்ல செய்திதான். ஒரு தோட்டத்து ஆக்களின்ட பெயரே ஏறியிருக்காது. வரிசையில நிண்டு வெறுங்கையோட திரும்பும்போதுதான் அவங்களுக்கே அது தெரியவரும்.

கொழும்பில அரச பலகைகளில பிழைத் தமிழைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. 1987 இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கினது. ஆனா பல பலகைகள் வாசிக்கிறவருக்காக இல்லை, ‘தமிழிலும் போட்டாச்சு’ என்று காட்டத்தான் நிற்குது. கோப்பின் கடைசியில வாற ‘முடிந்தது’ம் அதே சாதிதான்.

தீர்வு பெரிய வேலை இல்லை. கோப்பின் தொடக்கத்திலேயே ‘ஒன்_எரர்_ஸ்டொப்’ மாறியை இயக்கிவிட்டா, முதல் பிழையிலேயே ஓட்டம் நிண்டிடும். பொய்யான ‘முடிந்தது’ வராது. அதோட, பதிஞ்ச பெயர்களை எண்ணச் சொல்லி, விடையை ‘ஜிசெட்’ மூலம் ஒரு மாறியில எடுத்து, அந்த எண்ணிக்கையை எக்கோவில காட்டலாம். கையில இருக்கிற தாளோட அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செய்தியைத் தமிழிலயே எழுதுங்க, யூடிஎஃப்-8 இருந்தாப் போதும். அந்தக் கோப்பை அடுத்ததா ஓட்டப்போறவர் கணினி படிச்சவராத்தான் இருக்கோணும் என்றில்லை. அவருக்கு ஆறுதல் வேண்டாம், எத்தனை பெயர் ஏறினது என்று தெரிஞ்சாப் போதும்.