எது வைரம்?

"வைரம்" என்றதும் தோடும் மூக்குத்தியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், தச்சரைக் கேட்டுப் பாருங்கள்! மரத்தின் நடுவே கறுத்து இறுகிய பாகத்தைக் காட்டி, "இதுதான் வைரம்" என்பார். வைரம் பாய்ந்த கட்டையைக் கரையான் எளிதில் அரிக்காது. மனதில் ஆறாத பகைக்கும் வைரம் என்றே பெயர். 60 ஆண்டு நிறைந்தால் வைர விழா!

கல் வைரம் என்பது என்ன? வெறும் கரி! பென்சிலில் எழுதும் கரியும் அதன் உடன்பிறப்புதான். பூமிக்கு அடியில், 150 கிலோ மீட்டர் ஆழத்தில், சூடும் அழுத்தமும் அதை வைரமாக்கின. 1954-ல் அமெரிக்காவில் அதைச் சோதனைக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். கண்ணாடி அறுக்கவும், பாறை துளைக்கவும் வைரம் உதவுகிறது. 5 காரட் சேர்ந்தால்தான் 1 கிராம்!

இந்தச் சிறு கல்லுக்காகப் பெண்ணைப் பெற்றவர் கடன்பட வேண்டுமா? "வைரத் தோடு போட்டால்தான் தாலி" என்று மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதம் பிடிப்பது நியாயமா? காதில் ஒரு வைரம் ஏறுகிறது. இரு குடும்பத்தார் மனதிலும் வேறொரு வைரம் வளர்கிறது!

பெண்ணுக்குப் படிப்பைக் கொடுங்கள். அதுவே வைரம் பாய்ந்த கட்டை. கரையான் அரிக்காது, அடகுக் கடைக்கும் போகாது.