எண்ணை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?



ஆடிக் கடைசியில் ஒரு நாள் கடை திறந்ததும் கல்லா மேல் ஒரு நோட்டீஸ் கிடந்தது. யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மரச்செக்கு நல்லெண்ணெய், வீட்டு முறை சாம்பார்ப் பொடி, தீபாவளிக்கு நெய்ப் பலகாரம், முன்பணம் அனுப்பினால் வீடு தேடி வரும் என்று நாலு வண்ணத்தில் பளபளவென்று அச்சடித்திருந்தது. கீழே ஒரு கைப்பேசி எண். அவ்வளவுதான். கடை எந்தத் தெருவில் இருக்கிறது, நடத்துகிறவர் பெயர் என்ன, உரிமம் உண்டா இல்லையா என்பதற்கு ஒரு வரி கிடையாது. மறுநாள் அதே நோட்டீஸ் என் வீட்டுக்காரம்மாவின் வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது. "உங்க கடையைவிட விலை குறைச்சலா இருக்கே" என்று அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நான் மதுரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவன். படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. சட்டம் பேசுவது என் தொழில் அல்ல. ஆனால் சட்டம் தெரியாமல் பட்ட அடியினால் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கடைக்கு எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு விற்பனை வரி எண் ஒன்று, மத்திய விற்பனை வரி எண் ஒன்று. 2007 ஜனவரியில் வாட் வந்து அது மாறிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அதுவும் மாறிற்று. இந்த 15 இலக்க எண்ணைப் பெயர்ப் பலகையில் எழுத வேண்டும், பதிவுச் சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும், கிட்டங்கி தனியாக இருந்தால் அங்கேயும் மாட்ட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதிகளில் 18-ஆவது விதி. இணக்க வரித் திட்டத்தில் இருக்கிறவர்கள் பலகையிலும் பில்லின் தலைப்பிலும் அதைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்களில் பலர் சான்றிதழைப் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பத்திரமாக வைப்பது நல்லதுதான். ஆனால் மாட்டாமல் இருந்தால் பொதுத் தண்டப் பிரிவான 125-இன் கீழ் 25,000 ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. மாநிலச் சட்டத்தின் கீழும் அதே அளவு. யாராவது வந்து மிரட்டினால் பயந்து போக வேண்டாம். கெட்ட எண்ணமில்லாத, எளிதில் திருத்தக்கூடிய சிறு தவறுக்குத் தண்டம் விதிக்கலாகாது என்று அடுத்த பிரிவு 126 சொல்கிறது. அதை எடுத்துக் காட்டி, எழுத்து மூலம் பதில் கொடுங்கள்.

அடுத்தது உணவுப் பாதுகாப்பு எண். 2006-ஆம் ஆண்டுச் சட்டம், 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்த எண் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். மாநில அதிகாரிகள் கொடுக்கும் உரிமமானால் நம் தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டு இலக்கம் வழங்கிய ஆண்டு. இதை மட்டும் தெரிந்து வைத்திருந்தாலே, ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததும் பாதிக் கதை விளங்கிவிடும். 2022 ஜனவரி 1 முதல் உணவுப் பொருள் விற்கும் பில்லிலும் இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்று உத்தரவு. பழைய பில் புக் தீரட்டும் என்று நாம் பாட்டுக்கு இருந்தோம்.

அந்த 2022 மாசியில்தான் எனக்கு அடி விழுந்தது. திருமங்கலம் பக்கத்தில் ஒரு சில்லறைக் கடைக்காரர், என்னிடம் இருபது வருஷமாகச் சரக்கு எடுக்கிறவர். நல்ல மனிதர், பாக்கி நிற்காது. அவர் கடையில் மல்லித்தூள் பாக்கெட்டை அதிகாரிகள் மாதிரி எடுத்துப் போனார்கள். அது நான் கொடுத்த சரக்கு. தரகர் ஒருவர் மூலம் புதிதாக வந்த பாக்கெட், கிலோவுக்குச் சில ரூபாய் மலிவு. கொள்முதல் பில் எங்கே என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் கையில் இருந்தது என் கடைத் துண்டுச் சீட்டு. பென்சிலில் 'ம.தூள் 2 பெட்டி' என்று எழுதியது. என் கையெழுத்துதான். கடைப் பெயர்கூட அதில் இல்லை.

அவர் எனக்குப் போன் செய்தபோது குரல் நடுங்கியது. "அண்ணாச்சி, சீட்டைக் காட்டினா சிரிக்கிறாங்க" என்றார். நான் சிட்டையையும் பேரேட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். சரக்கு என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு பாக்கெட் போட்டவரைத் தேடினால் விலாசத்தில் காலி மனை இருக்கிறது. போன் எடுக்கவில்லை. பாக்கெட்டில் அச்சிட்டிருந்த 14 இலக்க எண்ணை என் பேரன் கைப்பேசியில் தட்டினான். வேறு யாரோ ஒருவருடைய எண், அதுவும் காலாவதியானது. கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷத்தை நான் சரக்கு இறக்கும்போதே செலவு செய்திருக்க வேண்டும்.

சட்டத்தில் 27-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்பதை அப்புறம்தான் படித்தேன். எந்த உற்பத்தியாளரிடம், எந்த விநியோகஸ்தரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு. ஆனால் 26-ஆவது பிரிவு நமக்குக் கவசமும் தருகிறது. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குக் கொடுக்கும் பில்லே, சரக்கின் தன்மைக்கும் தரத்துக்கும் கொடுத்த உத்தரவாதமாகக் கருதப்படும். அதாவது நான் அவருக்கு முறையான பில் கொடுத்திருந்தால் அவர் முதல் நாளே நிமிர்ந்து நின்றிருப்பார். நான் கொடுத்தது பென்சில் சீட்டு. உரிமம் பெற்றவர் உரிமமோ பதிவோ உள்ளவரிடம்தான் வாங்க வேண்டும், விற்க வேண்டும், அதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருந்தேனே தவிர, நான் அதைப் படித்ததில்லை. தவறான முகப்புச் சீட்டுள்ள உணவுப் பொருளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். எங்கள் இருவர் மீதும் அபராதம் விழுந்தது. அவ்வளவு பெரிய தொகை இல்லை. அவர் பங்கையும் நானே கட்டினேன். ஆனால் அவர் கடை வாசலில் ஜீப் நின்றதை ஊர் பார்த்துவிட்டது. அதை நான் எந்தப் பணத்தைக் கட்டி மாற்றுவது?

இப்போது நோட்டீஸுக்கு வருகிறேன். பலகையில் எண், பில்லில் எண், பாக்கெட்டில் எண் என்று நமக்கு இத்தனை விதி. வாடிக்கையாளர் முதலில் பார்ப்பதோ நோட்டீஸையும் வாட்ஸ்அப் படத்தையும்தான். 2018-இல் உணவு விளம்பரத்துக்கென்றே தனி விதிமுறை வந்தது. அதன் பேச்செல்லாம் எதைச் சொல்லி விற்கலாம், எதைச் சொல்லி விற்கக் கூடாது என்பதைப் பற்றியது. தெருமுனை நோட்டீஸில் விற்கிறவர் தன் எண்ணைப் போடும் வழக்கம் நம்மிடம் இன்றுவரை ஏற்படவில்லை.

வீட்டுமனை வியாபாரத்தைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி, பதிவு செய்த திட்டத்துக்கு விளம்பரம் கொடுத்தால் அதில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் எடுப்பாக இருக்க வேண்டும். பேப்பரில் வரும் அடுக்குமாடி விளம்பரங்களின் ஓரத்தில் அந்த எண்ணை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் வீடு கட்டுகிறவர் யாரும் தொழிலை விட்டு ஓடிவிடவில்லை.

என் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். போயிருந்தபோது அவன் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகிற்று. குழாய் வேலைக்காரரின் வேனில், பக்கவாட்டில் பெயர், விலாசம், உரிம எண் மூன்றும் பெரிதாக எழுதியிருந்தது. நான் அலங்காரம் என்று நினைத்தேன். இல்லையாம், சட்டமாம். எழுத்து ஒன்றரை அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாதாம். அந்த மாநிலத்தில் கட்டட வேலை ஒப்பந்தக்காரர்களுக்கு 1929-இலிருந்து தனி வாரியம் இருக்கிறது. உரிமம் பெற்றவர் தன் ஒப்பந்தப் பத்திரத்திலும், எந்த வகை விளம்பரமானாலும் அதிலும் உரிம எண்ணைப் போட்டாக வேண்டும். சில்லறை வேலை மட்டும் செய்கிறவருக்கு விலக்கு உண்டு. முன்பு 500 டாலருக்குட்பட்ட வேலை, 2025 ஜனவரியிலிருந்து 1,000 டாலர். அவரும் விளம்பரம் செய்தால், 'எனக்கு உரிமம் இல்லை' என்று அதிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். சிறியவரைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டுப் பிழைத்துக்கொள் என்கிறார்கள். மகன் அந்த எண்ணை வாரியத்தின் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஆளை உள்ளே விட்டான். என்னையும் அப்படித்தான் பார்த்திருப்பானோ என்னவோ, படித்த பிள்ளை.

இதைச் சங்கத்தில் நான் பேசியபோது மூத்தவர் ஒருவர் மறுத்தார். "எண்ணை ஊரெல்லாம் போட்டால் அதிகாரிக்கு நாமே வழி காட்டினது மாதிரி. நம் எண்ணைத் திருடிப் போலிக்காரன் போட்டுக்கொள்வான்" என்றார். அவர் சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதிகாரியிடம் நம் எண் ஏற்கெனவே இருக்கிறது, கொடுத்ததே அவர்கள்தான். திருடுகிறவனுக்கு நம் பாக்கெட்டும் பில்லும் போதும், நோட்டீஸ் எதற்கு? எண் எல்லா இடத்திலும் இருந்தால்தான் வாங்குகிறவருக்குச் சரிபார்க்கும் பழக்கம் வரும். பழக்கம் வந்தால் போலி எண்ணின் ஆயுள் குறையும்.

வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிற பெண்களின் வயிற்றில் அடிக்க நான் இதை எழுதவில்லை. அவர்களுக்கும் பதிவு உண்டு. 2011 விதிமுறை அதற்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அப்போது விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று வகுத்தார்கள். வரம்பும் கட்டணமும் திருத்தப்படக் கூடியவை என்பதால், எடுக்கும்போது அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளவும். பதிவு எடுத்த அம்மா அந்த எண்ணை நோட்டீஸில் போட்டால் அவருக்கும் நாலு ஆர்டர் கூட வரும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது, உணவுப் பொருள் விளம்பரம் எதுவானாலும் 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்ற விதி. கூடவே, முதல் தடவை தவறினால் அபராதம் கூடாது, திருத்தச் சொல்லி அறிவிப்பு மட்டும் கொடுக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் கேட்டால், நாமே நமக்குக் குழி வெட்டியவர்கள் ஆவோம்.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுதினால் நலம். இந்த வருஷ தீபாவளி நோட்டீஸை நேற்றுத்தான் அச்சகத்தில் கொடுத்தேன். அடியில் இரண்டு எண்ணும் போட்டிருக்கிறது. அச்சகத் தம்பி, "இடம் அடைக்குதே, எடுத்துடலாமா?" என்று கேட்டார். வேண்டுமானால் லட்டுப் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வந்தேன்.