ஓமவாட்டரை நம்பி உட்கார்ந்திருக்கலாமா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மும்பையில் நம்மவர் குடியிருக்கும் சால்களுக்கு வயிற்றுப்போக்கும் கூடவே வந்துவிடுகிறது. உடனே கை போவது ஓமவாட்டர் பாட்டிலுக்குத்தான். "ஓமம் கிருமியைக் கொல்லும், டாக்டர் எதற்கு?" என்று சொல்லும் பெரியவர் சாலுக்கு ஒருவராவது உண்டு. அவர் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதி, கைக்குழந்தை உள்ள வீட்டில் ஆபத்து.

ஓமத்தின் காரமும் மணமும் அதிலுள்ள எண்ணெயால் வருபவை. நூறு கிராம் விதையில் இரண்டு முதல் நான்கு கிராம் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி தைமால் என்னும் பொருள். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்றும், இங்குள்ள கடைகளில் 'சத் அஜ்வாயன்' என்றும் விற்கும் வெள்ளைப் படிகம் இதுவே. பெயரில்தான் உப்பு. கற்பூரவல்லி இலையைக் கசக்கினால் ஓம வாசனை அடிப்பதும் தைமாலாலும் அதன் உடன்பிறப்பான கார்வக்ராலாலும்தான். இவை கிருமியின் மேலுறையில் புகுந்து அதை ஓட்டையாக்குகின்றன. உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகிறது. இது பரிசோதனைச் சாலைகளில் பலமுறை பார்த்த விஷயம். முதல் உலக யுத்தத்துக்கு முன் நம் நாட்டு ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறியதும் தைமாலுக்காகவே.

ஆனால் பரிசோதனைச் சாலையின் கண்ணாடித் தட்டு வேறு, குழந்தையின் குடல் வேறு. தைமால் தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கரைந்தால் அதிகம். அதிலும் நாம் ஓமத்தைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைக்கிறோம். எண்ணெய் எடுக்கிறவர்கள் அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துத்தான் எண்ணெய் சேர்க்கிறார்கள். நாமோ ஆவியை ஜன்னல் வழியே அனுப்பிவிட்டு மிச்சத்தைக் குடிக்கிறோம். (வீடெல்லாம் மணக்கிறதே என்று சந்தோஷம் வேறு!)

அப்படியானால் ஓம உப்பையே கரைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப் புழுவுக்கு டாக்டர்களே தைமால் கொடுத்தது உண்டு. அன்றைக்குச் சாராயமும் எண்ணெயும் தொடக்கூடாது என்று கண்டிப்பு. அவற்றில் கரைந்து இரத்தத்தில் ஏறினால் புழுவோடு ஆளும் போய்விடுவான் என்பதே காரணம். பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது, உடம்பில் நீரும் உப்பும் வற்றிப் போவதுதான். 1971-இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை போயிருந்த சாவு அவரது முகாமில் நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று அதே வகைக் கலவைதான் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஓமவாட்டரை வாயுவுக்கும் உப்புசத்துக்கும் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பேதி கண்டால் முதலில் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரையுங்கள். குழந்தையின் கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.